யுன்ஷீயின் கடைசி வசனம்

காலையில் எழுந்ததும் அமலன் வாசலில் கிடந்த பால் பாக்கெட்டை எடுத்து வந்தான். முனையைக் கத்தரித்துப் பாத்திரத்தில் ஊற்றினான். பொங்கியதும் அடுப்பை அணைத்தான். ஒரு டம்ளர் காப்பி போட்டு நின்றபடியே குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான். பல் தேய்க்கவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது, போய்த் தேய்த்தான். குளித்தான். இஸ்திரி போடாத சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டான். கதவுக்குப் பின்னால் ரோஸ்லினின் குடை தொங்கியது. வெளியே தூறல் இருந்தும் அவன் அதை எடுக்கவில்லை. பூட்டினான். பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தான்.

எதிர் வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே டிவியில் அவன் மனைவி அழுதுகொண்டிருந்தாள்.

"என்னை விட்டுட்டுப் போயிடாதீங்க. நீங்க பக்கத்துல இல்லைன்னா இந்தப் பனி கூட என்னைச் சுடுது."

அவன் எழுதிய வசனம். அவள் பேசாத வசனம். ரோஸ்லின் இறந்து ஆறு மாதம் ஆகிவிட்டது.

அவனைப் பார்த்ததும் விமலா ஆன்ட்டி ரிமோட்டைத் தேடிக்கொண்டு ஓடினார். "ஐயோ தம்பி, சத்தமா வெச்சுட்டேன். மனசுல வெச்சுக்காதப்பா."

"பரவாயில்லை ஆன்ட்டி. பாருங்க."

"இல்ல… ரோஸ் குரலைக் கேட்டா எனக்கே என்னமோ பண்ணுது. ஆனா பார்க்காமலும் இருக்க முடியலை. நாளைக்குக் கடைசி எபிசோடாமே?" விமலா ஆன்ட்டி தயங்கினார். "அவ அவனை மன்னிச்சிடுவாளா?"

"பாருங்களேன்" என்று சொல்லிவிட்டு அமலன் படியிறங்கினான்.

'பனியில் ஒரு குடை' சீனத்தில் எடுக்கப்பட்ட காதல் தொடர். முதல் பத்து எபிசோடுகள் நன்றாகவே இருந்தன. யுன்ஷீ என்ற வயலின்காரிக்கும் ஜாவ்ரென் என்ற இசைக் குழு முதலாளிக்கும் காதல். மழையில் ஒரே குடைக்குள் நடப்பார்கள். இருவருக்கும் குடைக்கு வெளியே நீட்டிய தோள் மட்டும் நனையும். அந்தக் காட்சி தமிழ்நாட்டுப் பெண்களின் போன்களிலெல்லாம் ஓடியது. பிறகு தொடருக்கு என்ன ஆனதென்று யாருக்கும் புரியவில்லை. கதாநாயகிக்கு மறதி வந்தது. கதாநாயகனுக்கு இரட்டைச் சகோதரன் வந்தான். இரட்டைச் சகோதரனுக்கும் மறதி வந்தது. 'தேன்னு சொல்லிக் கொடுத்துட்டு வெல்லப்பாகு ஊத்துறாங்க' என்று ஒரு ரசிகை எழுதியிருந்தாள்.

இதற்கெல்லாம் சிகரம் கடைசி எபிசோடு. யுன்ஷீயின் அம்மா சாகக் கிடக்கிறாள் என்ற செய்தியைக் கச்சேரி நின்றுவிடக் கூடாது என்பதற்காக ஜாவ்ரென் மறைத்துவிடுகிறான். கச்சேரி முடிந்து அவள் போய்ச் சேரும்போது அம்மா இல்லை. அப்படிப்பட்டவனை அவள் கடைசிக் காட்சியில் கொட்டும் பனியில் குடையோடு நின்று மன்னிக்கிறாள். ஒரே வார்த்தை. பிறகு வயலின். முடிந்தது. சீனாவிலேயே கதாசிரியரைத் திட்டித் தீர்த்துவிட்டார்களாம்.

அந்த மன்னிப்பைத் தமிழில் எழுத வேண்டியவன் அமலன். பேச வேண்டியது இயந்திரம் உருவாக்கும் ரோஸ்லினின் குரல்.

ரோஸ்லின் உயிரோடு இருந்தபோது யுன்ஷீக்கு அவள்தான் குரல். டப்பிங் முடிந்து வீட்டுக்கு வந்தால் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு அந்தப் பெண்ணைக் கிண்டலடிப்பாள். "எப்பப் பாரு அழுவுறா அமல். ஒரு தடவையாவது அவளுக்குக் கோவம் வர்ற மாதிரி எழுதேன்."

"ஒரிஜினல்ல இல்லையே."

"ஒரிஜினல் எழுதினவனுக்கு ஒரு பொண்ணைக் கூடத் தெரியாது போல. என்னை மாதிரி ஒருத்தியை அவன் பார்த்திருக்கணும்."

ரோஸ்லினுக்குக் கோபம் வந்தால் அழ மாட்டாள், கத்தவும் மாட்டாள். குரலை இறக்கி, மரியாதையைக் கூட்டி, கொஞ்சம் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்கு அமலன் பயப்படுவான்.

*

சாலிகிராமத்தில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மாடியில் இருந்தது கடல்குரல் ஸ்டுடியோ. டப்பிங் அறைக் கதவுக்கு வெளியே ஒரு நீலப் பிளாஸ்டிக் தட்டு. உள்ளே போகிறவர்கள் போனை அதில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். மைக்குக்குப் பக்கத்தில் போன் அதிர்ந்தால் டேக் வீணாகிவிடும். இப்போது உள்ளே போய்ப் பேசுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். தட்டில் ரப்பர் பேண்டுகளும் ஒரு காய்ந்த எலுமிச்சம்பழமும் கிடந்தன.

அமலன் தினமும் அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டுதான் உள்ளே போவான்.

ரோஸ்லின் கடைசியாக இங்கே டப்பிங் பேசிய அன்று அவன் தூத்துக்குடியில் இருந்தான். அவளுக்குக் காய்ச்சல் வந்து இறங்கியிருந்தது. "காய்ச்சல் இறங்கிடுச்சு அமல், நல்லாதான் இருக்கேன்" என்று போனில் சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாள். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம் என்பது இருவருக்குமே தெரியாது. மத்தியானம் ரத்தப் பரிசோதனை நிலையத்திலிருந்து அவனைக் கூப்பிட்டார்கள். தட்டணுக்கள் அதலபாதாளத்தில் இருக்கின்றன, உடனே ஆஸ்பத்திரியில் சேருங்கள் என்றார்கள். அவன் ரோஸ்லினின் போனுக்கு அடித்துக்கொண்டே இருந்தான். கடைசியில் எடுத்தது ஸ்டுடியோ முதலாளி குணசீலன்.

"டேக் போயிட்டிருக்கு தம்பி. இப்பவே சொல்லிடறேன்."

சாயங்காலம்தான் அவளை ஆட்டோவில் ஏற்றினார்கள். வழியிலேயே மயங்கிவிட்டாள். அதற்குப் பிறகு அவள் கண் திறக்கவில்லை.

குணசீலன் சாவு வீட்டில் சொன்னது இதுதான்: "நான் அடுத்த நிமிஷமே சொல்லிட்டேன். அவதான் கேக்கலை. நாலு சீன்தானே சார், முடிச்சுட்டுப் போறேன்னு பிடிவாதமா நின்னா. வேலைன்னா அவ்வளவு பக்தி."

எல்லோரும் நம்பினார்கள். அவளுடைய அம்மாகூட, "என் மக தன்னையே பார்த்துக்க மாட்டா" என்று மார்பில் அடித்துக்கொண்டாள். அமலன் மட்டும் நம்பவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சொன்னேன்னு அவர் சொல்றாரு, சொல்லலைன்னு நீங்க சொல்றீங்க. கேக்க வேண்டியவங்க இல்லையே சார்" என்றார்.

அதன் பிறகும் அவன் கடல்குரலில் வேலையை விடவில்லை. பாவம், மரத்துப்போய்விட்டான் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். மரத்துத்தான் போயிருந்தது. ஆனால் அவன் காத்திருந்தான்.

*

"உட்காரு அமல்" என்றார் குணசீலன். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, மேஜையில் பாதி கடித்த கேக். "கடைசி சீன் எழுதிட்டியா?"

"எழுதிட்டிருக்கேன் சார்."

"நல்லா உருக்கமா எழுது. ஒரிஜினல்ல வெறும் ஒரு வார்த்தை. நம்ம ஆளுங்களுக்கு அது பத்தாது. 'நீங்க செஞ்சது தப்பே இல்லை, என் நல்லதுக்குத்தான் செஞ்சீங்க, உங்களை மன்னிச்சிட்டேன்'னு மூணு வரியா வரட்டும். நாளைக்கு இங்கேயே எல்லாரும் சேர்ந்து பார்க்கிறோம். தொடரை வாங்கின கம்பெனிலேர்ந்து ஒரு அம்மாவும் வராங்க. பிரியாணி சொல்லியிருக்கேன்."

"சரி சார்."

"இன்னொரு நல்ல விஷயம். ரோஸ் குரலை அடுத்த தொடருக்கும் கேட்டிருக்காங்க. ஒரு லோன் ஆப்புக்கும் பேச்சு போகுது. தவணை கட்டாதவங்களைக் கூப்பிட்டு அன்பாப் பேசணுமாம். அவ குரல்ல அந்த அன்பு இருக்குங்கிறாங்க." அவர் கேக்கைத் தள்ளி வைத்தார். அவர் கண் உண்மையாகவே கலங்கியது. "அவ சாகலைடா அமல். நம்ம கூடவேதான் இருக்கா."

அமலன் எழுந்து வந்தான். 

ஒலிப்பதிவு அறையில் மீரான் இருந்தான். இருபத்தாறு வயது, கடல்குரலின் ஒரே ஒலிப்பொறியாளன். ரோஸ்லின் பேசிய ஒலிப்பதிவுகளையெல்லாம் கொடுத்து இயந்திரத்துக்கு அவள் குரலைப் பழக்கியவன் அவன்தான். குணசீலன் சொன்னார், செய்தான். அன்றிலிருந்து அமலனின் முகத்தை அவன் நேராகப் பார்ப்பதில்லை.

அமலன் ஒரு தாளை நீட்டினான். "கடைசி சீன். இதைப் பேச வை."

மீரான் படித்தான். படிக்கப் படிக்க அவன் நாற்காலி பின்னால் நகர்ந்தது. யுன்ஷீ ஜாவ்ரெனைப் பார்த்துப் பேசுகிறாள். ஆனால் அவள் சொல்வது அம்மாவைப் பற்றி இல்லை. 'நீலத் தட்டில் இருந்த என் போனை எடுத்தவர் நீங்கள். என்னிடம் சொல்லாதவர் நீங்கள். நீங்கள் கொலைகாரர், குணசீலன்.'

"அண்ணே, இது…"

"வாய்க்குப் பொருந்துமா?"

"எது வேணா பொருந்தும்ணே. முன்னாடி நீங்க எவ்வளவு கஷ்டப்பட்டீங்க? அந்தப் பொண்ணு உதட்டை மூடுனா அங்க ஒரு 'ம'வோ 'ப'வோ வரணும்னு மண்டையைப் பிச்சுக்குவீங்க. இப்ப ஒலியைக் கொடுத்தா போதும், வாயை அதுவே மாத்தித் தெச்சுடும். யார் குரலா இருந்தாலும், யார் வாயா இருந்தாலும். அதான் எனக்குப் பயமாவே இருக்கு."

"பயப்படாம போடு."

மீரான் போட்டான். ஸ்பீக்கரில் ரோஸ்லின் பேசினாள். குரல் கம்மியது, விம்மியது, 'கொலைகாரர்' என்ற இடத்தில் உடைந்து தழுதழுத்தது. அழகாக இருந்தது. ஒரு விருதுக்கே அனுப்பலாம்.

அமலன் கேட்டு முடித்தான். 

"இன்னொரு தடவை. அழாம."

மீரான் எதையெதையோ மாற்றினான். இப்போது அவள் கத்தினாள். அடுத்த முறை பல்லைக் கடித்துக்கொண்டு சீறினாள். எல்லாமே அவள் குரல்தான். ஒன்றுகூட அவள் இல்லை.

"அவ கோவப்பட்டா இப்படிப் பேச மாட்டா" என்றான் அமலன்.

"அக்கா மைக்கு முன்னாடி கோவப்பட்டதே இல்லையேண்ணே. இது எங்கேர்ந்து கத்துக்கும்? மத்த நடிகைங்க கத்துறதைப் பார்த்து இதுவா ஒண்ணு போடுது."

"அப்ப இதையும் நான்தான் அவ வாயில திணிக்கிறேன். அந்தாளு மன்னிப்பைத் திணிக்கிறான், நான் சாபத்தைத் திணிக்கிறேன்."

மீரான் எழுந்து போய்க் கதவைத் தாழிட்டான். திரும்பி வந்து உட்கார்ந்து, முதல் முறையாக அமலனை நேராகப் பார்த்தான்.

"அண்ணே, உங்க கிட்ட ஒண்ணு சொல்லணும். செருப்பால அடிக்கிறதா இருந்தா அப்புறம் அடிங்க. அன்னைக்கு நான்தான் இந்த சீட்ல இருந்தேன். சார் உங்க கிட்ட பேசிட்டு உள்ள வந்தாரு. அக்காகிட்ட ஒண்ணும் சொல்லலை. 'அடுத்த சீன் போடுடா'ன்னாரு. உங்க போன்தான் வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. நாலு சீனும் முடிஞ்ச பிறகு டாக்பேக்கை அழுத்தி அக்காகிட்ட சொன்னாரு. அப்பதான் எனக்கே தெரியும்."

டாக்பேக் என்பது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருப்பவர் உள்ளே மைக்கின் முன் நிற்பவரோடு பேசும் வசதி.

"ரெக்கார்டிங் ஓடிட்டு இருந்துச்சுண்ணே. நான் நிறுத்தலை. சார் பேசினது, அக்கா பதில் சொன்னது, ரெண்டுமே இருக்கு. அக்கா போன அன்னைக்கே அதை அழிக்கச் சொன்னாரு. அழிச்சிட்டேன்னு சொன்னேன். அழிக்கலை."

"ஆறு மாசமா வெச்சிருக்க."

"எங்க அம்மாவுக்கு டயாலிசிஸ்ணே. இவர்தான் அட்வான்ஸ் கொடுத்தாரு." மீரான் தலையைக் குனிந்துகொண்டான். "ஆட்டோவுல என் தோள்லதான் சாஞ்சிருந்தாங்க. ஒரு வார்த்தை பேசலை. நான் எத்தனை தடவை கூப்பிட்டேன் தெரியுமா? அதனால அக்கா கடைசியாப் பேசினது இந்த மைக்குலதான். கேக்குறீங்களா?"

அமலன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தான். இருட்டில் மைக் மட்டும் நின்றது. அது இன்னும் ரோஸ்லினின் உயரத்துக்குத்தான் வைக்கப்பட்டிருந்தது.

"போடு."

மீரான் போட்டான். முடிந்ததும் அமலன், "இன்னொரு தடவை" என்றான். மூன்றாவது முறை கேட்டபோது அவன் சிரித்துவிட்டான். ஆறு மாதத்தில் அவன் சிரித்து மீரான் பார்த்ததில்லை, பயந்து போனான். சிரிப்பு நிற்காமல் வந்துகொண்டே இருந்து, வேறு ஒன்றாக மாறியது. மீரான் எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.

பிறகு அமலன் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தத் தாளை நான்காகக் கிழித்துப் போட்டான்.

"போலீஸ்ல கொடுத்துடலாம்ணே. நான் சாட்சி சொல்றேன்."

"குரல் தயாரிக்கிற ஸ்டுடியோவுலேர்ந்து ஒரு ரெக்கார்டிங்கை எடுத்துட்டுப் போனா, இயந்திரத்துல பண்ணினதுன்னு ஒரே வார்த்தையில தள்ளிடுவாங்க. அவனும் அதைத்தான் சொல்லுவான். நீ அவன் மேல கோவத்துல பண்ணினேன்னு உன்னையும் சேர்த்து உள்ள தள்ளுவான்."

"அப்ப என்னதான் செய்யறது?"

"எந்த வாயிலயும் எந்த ஒலியையும் தெச்சிடலாம்னு சொன்னியே." அமலன் திரையைக் காட்டினான். பனியில் ஜாவ்ரென் உறைந்து நின்றான். "அவன் வாயில குணசீலன். அவ வாயில ரோஸ். ஒரு எழுத்துகூட நான் எழுதப் போறதில்லை."

மீரானுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் அவன் வாய் தானாகத் திறந்தது.

"வேலை போயிடும்ணே."

"போயிடும்."

மீரான் திரையைப் பார்த்தான், கதவைப் பார்த்தான். "வடபழனியில ஒருத்தன் டபுள் சம்பளம் தரேன்னு கூப்பிட்டுட்டே இருக்கான். அவன் வாயும் நாறும்தான். சரி, நகருங்க."

*

மறுநாள் மத்தியானம் எபிசோடு நாடெங்கும் வெளியான அதே நேரத்தில் கடல்குரலின் பெரிய அறையிலும் திரை ஓடியது. ஊழியர்கள், டப்பிங் கலைஞர்கள், கம்பெனியிலிருந்து வந்த அம்மாள் எல்லோரும் இருந்தார்கள். ரோஸ்லினின் அம்மாவை அமலன் ஆட்டோ வைத்துக் கூட்டி வந்திருந்தான். குணசீலன் எழுந்து போய் அவளுக்கு முன் வரிசையில் நாற்காலி போட்டு, "உங்க மகளோட பேரை எங்கேயோ கொண்டு போயிட்டோம்மா" என்றார். அவள் கும்பிட்டாள்.

எபிசோடு எல்லோரும் எதிர்பார்த்தபடியே மோசமாக இருந்தது. இரட்டைச் சகோதரன் காரணமில்லாமல் கப்பலேறிப் போனான். மறதி எல்லாம் ஒரே பாட்டில் தீர்ந்தது. பின்வரிசையில் யாரோ கொட்டாவி விட, வேறொருவர், "பிரியாணி ஆறுதுப்பா" என்றார். அமலன் சுவரோரம் நின்று குணசீலனின் பிடரியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசிக் காட்சி வந்தது. பாலம். பனி. யுன்ஷீ குடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஜாவ்ரென் நெருங்கி வருகிறான். வயலின் ஓய்கிறது. ஜாவ்ரென் வாயைத் திறந்தான்.

அழகான அந்தச் சீன இளைஞனின் வாயிலிருந்து, சளி கட்டிய, வெற்றிலை போட்டுத் தடித்த, அங்கிருந்த ஒவ்வொருவரும் தினமும் கேட்கிற குரல் வந்தது.

"ரோஸு, முடிஞ்சுது. பிரமாதம். அப்புறம்… மத்தியானமே உன் வீட்டுக்காரர் கூப்பிட்டாரும்மா. ஏதோ ரத்த ரிசல்ட்டாம். உடனே உன்னை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாரு. சொன்னா நீ கிளம்பிடுவ, நாலு சீன் நிக்குமேன்னுதான் உன்கிட்ட சொல்லலை."

முதலில் யாரோ சிரித்தார்கள். பிறகு அந்தச் சிரிப்பு தனியாக நின்று செத்தது. கம்பெனி அம்மாள் திரையையும் குணசீலனையும் மாறி மாறிப் பார்த்தாள். முன்வரிசையில் ரோஸ்லினின் அம்மா மெல்ல எழுந்து நின்றாள்.

இப்போது குணசீலன் ஒன்று சொல்லியிருக்கலாம். இயந்திரம் செய்த வேலை, பொய்க் குரல் என்று சொல்லியிருந்தால் அங்கிருந்தவர்களில் பாதிப் பேர் நம்பியிருப்பார்கள். அமலன் அதற்கும் தயாராகத்தான் இருந்தான். ஆனால் குணசீலன் துள்ளி எழுந்து, மீரான் இருந்த பக்கம் திரும்பி, தொண்டை கிழியக் கத்தினார்.

"அதை அன்னைக்கே அழிக்கச் சொன்னேன்லடா, நாயே!"

அறை அப்படியே நின்றது. தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைக்க ஒரு மூச்சு விடும் நேரம் ஆனது. அவர் வாயைப் பொத்திக்கொண்டார். ரோஸ்லினின் அம்மா கும்பிட்ட கையைப் பிரித்துத் தன் புடவையில் துடைத்தாள்.

திரையில் ஜாவ்ரென் இன்னும் முடிக்கவில்லை. "தப்பா எடுத்துக்காதம்மா. எங்க, மன்னிச்சிட்டேன்னு சொல்லு பார்ப்போம்."

 பனி விழுந்தது. எங்கோ ஒரு தண்ணீர் பாட்டிலின் மூடி திருகும் சத்தம் கேட்டது, ஒரு ஸ்டூல் நகர்ந்தது, களைத்த ஒரு பெருமூச்சு. அன்றைய பதிவிலிருந்து மீரான் அவற்றை நீக்கவில்லை. யுன்ஷீ குடையை இறக்கினாள். இந்தத் தொடரில் முதல் தடவையாக அவள் அழவில்லை. குரல் இறங்கியது, மரியாதை ஏறியது, காய்ந்த தொண்டையோடு, கொஞ்சம் சிரித்துக்கொண்டே ரோஸ்லின் சொன்னாள்:

"எங்க வீட்டுக்காரரு உங்களைச் சும்மா விட மாட்டாரு, சார்."